அன்ரெனாவில் சுற்றிய தகடு

நவரட்ணத்தின் ட்ரக்கில் புது அன்ரெனா எழும்பிய நாளிலிருந்து தில்லையம்பலத்துக்குச் சோறு செமிக்கவில்லை.

ட்ரக் புதிது என்பதை அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். வங்கி கடன் கொடுத்தால் யாரும் ட்ரக் வாங்கலாம். அன்ரெனாவைத்தான் தாங்க முடியவில்லை. இடப்பக்கக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கிளம்பி, கூரையையும் தாண்டி, கோயில் கொடிமரம் மாதிரி நின்றது அது. மார்க்கம் நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் காரைப் பார்த்து வயிறெரிகிறவர்களைக் கண்டால் தில்லையம்பலம் சிரிப்பார். அற்பர்கள் என்பார். அவருடைய வயிறு ஒரு கம்பிக்காக எரிந்தது. அதை அவர் கொள்கை என்று நினைத்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. ட்ரக்காரர் ஒன்றியத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு மில்லிக்கனிலிருந்து வடக்கே பூங்கா வரைக்கும் ட்ரக்குகள் வரிசையாகப் போகும். முன்னால் போகிறவர், ட்ரக்குக்கு ட்ரக் கதைக்கிற சி.பி. றேடியோவில் மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு போவார். எல்லார் கையிலும் போன் இருக்கும்போது இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவர் இப்போது ஒன்றியத்தில் இல்லை. பல வருசமாகத் தில்லையம்பலம்தான் முன்வண்டி. "கவனியுங்கோ, தலைமை ட்ரக் கதைக்குது" என்று அவர் தொடங்கினால், வலப்பக்கம் திரும்பச் சொல்கிறாரா பாராளுமன்றத்தைக் கலைக்கிறாரா என்று தெரியாது.

இந்த வருசம் செயலாளர் கிளிபோட் கூட்டத்தில் ஒரு குண்டைப் போட்டார். "ஆற்ற குரல் கடைசி ட்ரக் வரைக்கும் வடிவாக் கேக்குதோ, அவர் முன்னுக்குப் போகட்டும். அதுதானே அண்ணை நியாயம்?"

எல்லாரும் யன்னலுக்கு வெளியே நின்ற நவரட்ணத்தின் கொடிமரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றுகூடலுக்கு முதல் கிழமை நவரட்ணம் போன் எடுத்தார். "அண்ணை, என்ர குரல் ஒருத்தருக்கும் கேக்குதில்லை. உங்களிட்டத்தானே மீற்றர் இருக்கு. ஒருக்கா வந்து பாப்பியளோ?"

தில்லையம்பலத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "உடன வாறன் தம்பி" என்றார். ஒரு மனிதனுக்கு உதவி செய்ய அவர் அவ்வளவு வேகமாக ஸ்டீல்ஸ் வீதியில் ஓடியதை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

மீற்றர் என்பது, றேடியோவிலிருந்து வெளியே போகவேண்டிய சக்தியில் எவ்வளவு போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுகிற சின்னப் பெட்டி. ஒன்றியத்தில் அதை வைத்திருப்பவர் அவர் ஒருவரே. ஆகவே வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. ஊசி பச்சையில் நின்றால் நல்லது, சிவப்புக்குப் போனால் கூடாது. அவருடைய கல்வி அதோடு முடிந்தது. மிச்சத்தைப் புருவத்தால் சமாளிப்பார்.

பிளாசாவுக்குப் பின்னால் வெறும் தரிப்பிடத்தில் ட்ரக் நின்றது. நவரட்ணத்தின் மனைவி ரதியும் வந்திருந்தாள். தில்லையம்பலம் கதவுகளைச் சாத்துவித்து, றேடியோவுக்கும் அன்ரெனா வயருக்கும் நடுவில் மீற்றரைக் கொழுவி, மைக்கை அமத்தினார். ஊசி நேரே சிவப்புக்குப் பாய்ந்தது. அந்தச் சிவப்பு அவருக்குக் குங்குமம் போல மங்களமாக இருந்தது.

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். கம்பியின் உச்சியில் ஒரு செப்புத் தகடு, கறுப்பு நூலால் வரிந்து கட்டியபடி.

"உது என்ன தம்பி?"

ரதி முந்திக்கொண்டாள். "கண்ணூறுக்கு அண்ணை. ட்ரக்குக்குப் பூசை செய்யேக்க ஐயர் எழுதிச் சுத்தித் தந்தவர். புதுச் சாமான் எண்டால் சனத்தின்ர கண் சும்மா கிடக்காதே."

"எந்தச் சனம்?"

"பொதுவாச் சொன்னனான்" என்றாள் ரதி, அவரைப் பாராமல்.

தில்லையம்பலத்துக்கு விசயம் விளங்கிவிட்டது. அவரும் ஒருகாலம் தன் அன்ரெனா உச்சியில் பித்தளை வேல் ஒன்றைக் கட்டி, ஒரு மாதம் ஊமையாகத் திரிந்தவர். தகட்டைக் கழற்றச் சொன்னால் போதும். நவரட்ணத்தின் குரல் கணீரென்று போகும், முன்வண்டியும் அதோடு போகும். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். பொறாமை அவ்வளவு சிக்கனமானதல்ல.

"கம்பி நீளம் கூடிப்போச்சு" என்றார். "வெட்டோணும்."

"வெட்டினாப் பிறகு ஒட்டேலாதே அண்ணை."

"மீற்றர் ஆற்ற கையில இருக்கு, தம்பி?"

நவரட்ணம் குறடு எடுத்துவந்தார். கம்பியை அடிக்குமிழிலிருந்து உருவி, அடிமுனையில் இரண்டு விரற்கடை வெட்டினார்கள். போதாது என்றார் தில்லையம்பலம். இன்னொரு விரற்கடை. இதோடு றேடியோ சாகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மைக்கை அமத்தினார்.

ஊசி பச்சையில் இறங்கி, அங்கேயே குந்திக்கொண்டது.

உச்சியில் செம்பைச் சுற்றினால் கம்பி தன் நீளத்துக்கு மிஞ்சி நீண்டது போல வேலை செய்யும். அடியில் அளவாக வெட்டினால் கணக்குச் சரியாகிவிடும். இது எந்த அன்ரெனாப் பெட்டிக்குள்ளும் கிடக்கிற கடதாசியில் இருக்கிறது. கடதாசி வாசிப்பது தில்லையம்பலத்தின் தகுதிக்குக் குறைவு.

நவரட்ணம் மைக்கை வாங்கிக் கதைத்துப் பார்த்தார். உடனே றேடியோவில் கிளிபோட் யூனியன்வில்லிலிருந்து கூப்பிட்டார். "நவம், பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஆர் செய்தது?"

"வேற ஆர், எங்கட தில்லையண்ணைதான்."

"அண்ணை கைராசிக்காரன்" என்றார் கிளிபோட்.

கைராசிக்காரர் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறாமைக்கும் மூளை உண்டு, பிந்தித்தான் வேலை செய்யும். தகட்டோடு இப்போது சரியென்றால், தகடு இல்லாவிட்டால் கம்பி குட்டை. ஊசி திரும்பவும் சிவப்பு.

"தங்கச்சி," என்றார் பாசத்தோடு, "எல்லாம் நல்லா வந்திட்டுது. இனி உந்தத் தகடு என்னத்துக்கு? கழட்டி விடுங்கோ."

ரதி சிரித்தாள். "அது கழட்டக்கூடாது அண்ணை. ஆர் கழட்டச் சொல்லினமோ அவையின்ர கண்தானாம் பொல்லாத கண். ஐயர் சொல்லித்தான் விட்டவர்."

தில்லையம்பலம் மீற்றரைக் கழற்றி, வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு போனார்.

ஒன்றுகூடல் அன்று நவரட்ணம் முன்னால். நல்ல றேடியோ கடைசியிலும் ஒன்று வேண்டும் என்று கிளிபோட் தில்லையம்பலத்தை வாலில் விட்டு, தான் அவருக்கு நேர் முன்னால் ஓடினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் நவரட்ணத்தின் குரல் காதுக்குள் இருந்து வந்தது.

"தில்லையண்ணை, கடைசி ட்ரக், கேக்குதோ?"

மைக் கையில் இருந்தது. தில்லையம்பலம் அதைத் திரும்பக் கொழுவினார். கடைசி ட்ரக்குக்குக் கேட்காவிட்டால் முன்வண்டியை மாற்றவேண்டும். கிளிபோட் வாயாலேயே வந்த சட்டம்.

"தில்லையண்ணை? கேக்குதோ?"

தில்லையம்பலம் கிளிபோட்டின் ட்ரக் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

"நவம்," என்றார் கிளிபோட், "எனக்கு வடிவாக் கேக்குது. அண்ணை எனக்குப் பின்னாலதான் வாறார். பிழை அண்ணையின்ர பக்கம்."

"வயசுபோன றேடியோ" என்றது ஒரு குரல்.

"வயசுபோன காதாயும் இருக்கலாம்" என்றது இன்னொன்று.

பிறகு நவரட்ணத்தின் பக்கத்தில் இருந்த ரதி மைக்கை வாங்கினாள். "பகிடி பண்ணாதையுங்கோ, பாவம். எங்களுக்கு எவ்வளவு செய்த மனுசன். அவரிலதான் ஆரோ கண் வைச்சிட்டினம். நாளைக்கே ஐயரிட்டச் சொல்லி அண்ணைக்கும் ஒரு தகடு சுத்துவிப்பம்."

ஓம், ஓம் என்றார்கள் எல்லாரும். பெரிய தகடாகச் சுற்றவேண்டும் என்றார் கிளிபோட்.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தால் கேட்டது தெரிந்துவிடும். பூங்கா வரைக்கும் அத்தனை பேரும் தன்மேல் இரக்கப்பட்டதைத் தில்லையம்பலம் ஒரு சொல் தவறாமல் கேட்டுக்கொண்டே ஓடினார்.