வாடகை லைசென்சும் ஒரு மச்சானும்

1980ஆம் ஆண்டு ஆனி மாதம் கிராமசபை ஓர் அறிவித்தலைச் சந்திக் கடைச் சுவரில் ஒட்டியது. வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ, கொட்டிலையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஆவணி முடிவதற்குள் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அறையின் நிலப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு யன்னலாக இருக்க வேண்டும். கிணற்றுக்கட்டு மூன்றடி உயர வேண்டும். லைசென்ஸ் இல்லாத இடத்தில் குடியிருப்பவர்கள் வெளியேற்றப்படுவார்கள்.

பரந்தனுக்குக் கிழக்கே ஏழாம் வாய்க்கால் குடியேற்றத்தில் இது ஏரம்புவை மட்டுந்தான் பாதித்தது. மற்றவர்கள் யாரும் வாடகைக்கு விடவில்லை. விட்டவர்களும் விடவில்லை என்றே சொன்னார்கள்.

ஏரம்பு சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த காணிப் பெமிட், அதாவது அனுமதிப் பத்திரம், அலுமாரியில், கலியாணச் சேலைக்கு அடியில் இருந்தது. அதன் மூன்றாவது நிபந்தனை, இந்தக் காணியின் எந்தப் பகுதியையும் எவருக்கும் வாடகைக்கு விடக்கூடாது என்றது. ஆக, கிராமசபைக் கடதாசி லைசென்ஸ் இல்லாமல் வாடகைக்கு விடாதே என்றது. பெமிட் வாடகைக்கே விடாதே என்றது. இரண்டும் அரசாங்கக் கடதாசிகள். லைசென்சுக்கு விண்ணப்பித்தால் ஏரம்புவுக்குக் காணி போகும். விண்ணப்பிக்காவிட்டால் மாயாண்டிக்கு இருப்பிடம் போகும்.

மாயாண்டி எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, மனைவி மீனம்மாவுடனும் ஒரு தகரப் பெட்டியுடனும் வந்தவர். ஏரம்புவின் பழைய நெல் அறையில் குடியிருந்தார். வாடகைக்குப் பதிலாக ஏரம்புவின் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார். அந்தத் தண்ணீர்ப் பம்ப் மாயாண்டி தொட்டால் மட்டுமே ஓடும். ஏரம்பு கயிற்றை இழுத்தால் இருமும், அவ்வளவுதான்.

மாயாண்டியின் தகரப் பெட்டியில், தோட்டத்து ஆட்கள் பலருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. ஐப்பசியில் காணிக் கச்சேரி என்ற காணி வழங்கும் விசாரணை வைத்துக் காணியில்லாத குடும்பங்களுக்கு இரண்டு ஏக்கர் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு, இந்தப் பிரிவில் ஒரே முகவரியில் மூன்று வருடம் தனிக் குடும்பமாக வசித்ததாகக் கிராமசேவகர் கடிதம் தரவேண்டும். மாயாண்டிக்கு மூன்று வருடம் புரட்டாதியில் நிறைகிறது. ஆவணியில் வெளியேற்றினால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்.

கிராமசபைப் பரிசோதகர் வீடு பார்க்க வரப்போகும் கிழமை, பம்படியில் வைத்து ஏரம்பு ஒரு முடிவுக்கு வந்தார்.

"சொந்தக்காரன் வீட்டில இருக்கிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. நீ எனக்கு மச்சான் எண்டு சொல்லுவம்."

"நானுங்களா, ஐயா?"

"வேற ஆர்? மனிசியின்ர வழியில தூரத்துச் சகோதரம். அட்டனில கடை வைச்சிருந்து நொடிச்சுப் போய் வந்தனி. என்னை அத்தான் எண்டு கூப்பிட வேணும். எங்க, ஒருக்காச் சொல்லு பாப்பம்."

"அத்தானுங்க ஐயா."

"ஐயா வேண்டாம்."

"சரிங்க ஐயா."

நான்கு நாள் பழகியும் ஐயா உதிரவில்லை. பரிசோதகர் வரும்போது தலையை மட்டும் ஆட்டுவது என்று தீர்மானித்தார்கள். இந்தப் புதிய சகோதரத்தைப் பற்றித் தன் மனைவி இராசேஸ்வரிக்குச் சொல்லும் பொறுப்பை ஏரம்பு தானே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு சொல்லாமல் விட்டார்.

பரிசோதகர் யோகலிங்கம் சைக்கிளில் வந்தார். வடமராட்சிக்காரர். நாடாவால் கிணற்றுக்கட்டை அளந்தார். இரண்டே முக்கால் அடி. நெல் அறையின் யன்னலை அளக்கப் போனார். நெல் அறைக்கு யன்னல் இல்லை. அந்த இடத்தில் சுவரை அளந்து எழுதிக்கொண்டார். பிறகு விறாந்தைக் கதிரையில் இருந்து, முற்றத்தில் நின்ற மாயாண்டியைப் பேனையால் காட்டினார்.

"இவர் ஆர்?"

"மச்சான்" என்றார் ஏரம்பு.

"எந்த வழியில?"

"மனிசியின்ர வழி. மனிசியின்ர வழி எண்டால் உங்களுக்குத் தெரியுந்தானே."

யோகலிங்கத்துக்குத் தெரிந்திருந்தது. மேலே கேட்கவில்லை. மாயாண்டியை மற்றக் கதிரையில் இருக்கச் சொன்னார். மூன்று வருடத்தில் மாயாண்டி அந்தக் கதிரையைத் துடைத்திருக்கிறார். இப்போது அதன் விளிம்பில், பஸ்சில் இடம் பிடித்தவரைப்போல இருந்தார்.

அந்த நேரம் இராசேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தார். பரிசோதகருக்கு மினுக்கிய பித்தளை மூக்குப்பேணி. கணவருக்கு இன்னொரு மூக்குப்பேணி. மாயாண்டிக்கு, வேலிக் கம்பில் வழமையாகக் கவிழ்த்து வைத்திருக்கும் ஜாம் போத்தில். அதைக் கையில் கொடுக்காமல், வழமைபோல விறாந்தைப் படியில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

யோகலிங்கம் போத்திலைப் பார்த்தார். பிறகு ஏரம்புவைப் பார்த்தார். பேனையின் மூடியைக் கழற்றினார்.

"ஏரம்பண்ணை, உங்கட மச்சான் போத்திலிலதான் தேத்தண்ணி குடிக்கிறவரோ?"

ஏரம்பு வாயைத் திறந்தார். பம்ப் அவரிடம் இருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

தலையை மட்டும் ஆட்டவேண்டிய மாயாண்டி எழும்பினார். படிக்குப் போய்ப் போத்திலை எடுத்தார்.

"கோவமுங்க" என்றார். "எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. இந்த வீட்டு ஏனத்துல வாய் வைக்கிறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதான் போத்தல். அடுப்பும் தனிதானுங்க. வேணும்னா வந்து பாருங்க."

"பேச்சு வேற மாதிரிக் கிடக்கு?"

"அட்டன்ல கடையில நின்னு நின்னு இப்படி ஆயிருச்சு."

"என்னத்தில கோவம்?"

மாயாண்டி வேலியைப் பார்த்தார்.

"வேலிப் பிரச்சினைங்க."

யோகலிங்கத்தின் முகம் மாறியது. ஊரில் அவரும் அவருடைய சொந்தத் தமையனும் ஒரு பனங்கன்று வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் பதினொரு வருடமாகக் கதைப்பதில்லை. தாயின் செத்தவீட்டில்கூடத் தமையன் வீட்டுத் தண்ணீரை அவர் தொடவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிக் குடித்தார். சொந்தக்காரர் வீட்டில் ஒருவர் பேணி தொடாமல் இருக்கிறார் என்றால், சொந்தம் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

"எத்தனை அடி?" என்று கேட்டார்.

"ஒன்றரை அடிங்க."

"ஒன்றரை அடி!" யோகலிங்கம் ஏரம்புவைக் கடுமையாகப் பார்த்தார். "மச்சானுக்கு ஒன்றரை அடி விடேலாதோ உங்களுக்கு?"

"பிழைதான்" என்றார் ஏரம்பு.

பரிசோதகர் நெல் அறைக்குப் பின்னால் போய் மீனம்மாவின் அடுப்பையும் பார்த்துவிட்டு வந்து எழுதினார்: 'உறவினர். வாடகை இல்லை. மனஸ்தாபம். ஏரம்புவின் குடும்பத்தில் சேர்த்தி இல்லை, தனி அடுப்பு. லைசென்ஸ் தேவையில்லை.' பிரதி கிராமசேவகருக்கு என்றும் கீழே சேர்த்தார். சைக்கிளில் ஏறும்போது மாயாண்டியின் தோளில் தட்டினார். "நீர் விட்டுக் குடுக்காதையும்."

அவர் போனதும் இராசேஸ்வரி குசினி வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"என்ர வழியோ?" என்றார்.

ஏரம்பு மிளகாய்த் தோட்டத்தில் அவசர வேலை இருப்பதாகப் போய்விட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறு குசினிக்கு வெளியே வைக்கப்பட்டது. பேணி வைக்கப்படவில்லை.

புரட்டாதியில் கிராமசேவகர் கடிதம் கொடுத்தார். 'தனி அடுப்பு' என்ற இரண்டு சொற்களே அதற்குப் போதுமாக இருந்தன. ஐப்பசியில் காணிக் கச்சேரி நடந்தது. மாயாண்டிக்கு வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் நினைத்தால் மட்டும் வரும் இடத்தில், இரண்டு ஏக்கர் கிடைத்தது. பெமிட்டின் மூன்றாவது நிபந்தனையை அவர் ஒருவரைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டார். தகரப் பெட்டியோடு போகும்போது இராசேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டு போனார். ஜாம் போத்திலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு போத்தில்தானே என்று இராசேஸ்வரி கொடுத்துவிட்டார்.

மாசியில் ஏரம்புவின் பம்ப் மூன்று நாள் தொடர்ந்து இருமியது. மிளகாய்க் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. நாலாம் நாள் ஏரம்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்காலின் கடைசிக்குப் போனார்.

மாயாண்டி புதுக் கொட்டிலுக்கு முன்னால் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குப் பெரிய யன்னல் வைத்திருந்தார். ஏழில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும். கையைக் கழுவிவிட்டு வந்து, மர வாங்கில் பாய் விரித்து ஏரம்புவை இருக்கச் சொன்னார்.

மீனம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். மாயாண்டிக்கு எவர்சில்வர் டம்ளர். மற்றதை வாங்கின் அந்தத் தலைப்பில், கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு உள்ளே போனார். நன்றாகக் கழுவிய ஜாம் போத்தில்.

ஏரம்பு அதைப் பார்த்தார்.

"இன்னும் கோவமோ?"

"கிராமசபை பைல்ல அப்படித்தானே எழுதியிருக்கு, அத்தான்" என்றார் மாயாண்டி. இந்தமுறை ஐயா ஒட்டிக்கொண்டு வரவில்லை.

ஏரம்பு எட்டிப் போத்திலை எடுத்தார். போத்தில் சுட்டது. கை மாற்றி மாற்றிப் பிடித்து, முழுவதையும் குடித்தார்.

அன்று மத்தியானம் பம்ப் ஓடியது.