இஸ்திரிக் கொப்புளம்

எங்கள் சலவைக்கூடத்தில் கையில் கொப்புளம் இல்லாதவள் வேலைக் கள்ளி என்று அர்த்தம். ஆஸ்பத்திரி விரிப்புகளை ஈரத்தோடு சூடான இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்து இழுக்கும்போது விரல் கொஞ்சம் அசந்தால் போதும், சுரீரென்று சுட்டுவிடும். ஆளுக்கொரு களிம்பு டப்பா வைத்திருக்கிறோம். அதனால் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் எழும்பியபோது நான் அதைச் சட்டை செய்யவே இல்லை.

வீட்டில் தங்கச்சி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாசம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் மூன்று முறை கலைந்து, இதுதான் தங்கியிருந்தது. அவள் புருஷன் லாரியில் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவி நீவிவிடுவது என் சாயங்கால வேலை.

"கையில என்னக்கா?"

"இஸ்திரி முத்தம் குடுத்துடுச்சு."

"உனக்கு அதாவது குடுக்குதே!" என்றாள் கழுதை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்ற கிண்டல். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் கையால்தான் ஐந்து நாள் அவள் காலை நீவினேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. கழுத்தில் நெறி கட்டியது. இன்னும் நாலு கொப்புளம் வந்தது, அதில் ஒன்று நெற்றியில். நெற்றியால் யாரும் இஸ்திரி போடுவதில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"குரங்கம்மையாத்தான் இருக்கும்," என்றார் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, கொப்புளத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டே.

"நான் குரங்கக் கண்ணால பாத்தே பத்து வருஷமாச்சும்மா."

"பேருதான் அப்படி. இது மனுஷங்ககிட்டருந்துதான் பரவுது. கொப்புளத்துல தோல் பட்டா ஒட்டும். அந்த நீர் பட்ட துணியும் ஒட்டும். நீங்க என்ன வேல?"

சொன்னேன். மூட்டையைப் பிரித்ததும் ஒவ்வொரு விரிப்பையும் உதறித்தான் மிஷினில் போடுவோம். கத்தரிக்கோலோ யாருடைய பல்செட்டோ உள்ளே போய்விட்டால் மிஷின் கெட்டுவிடும், சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். தொற்று வார்டு திறந்தபோது தடுப்பூசிப் பட்டியலில் வார்டு பெருக்குகிறவர்வரை பேர் இருந்தது, எங்கள் பேர் இல்லை. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். "நீங்க நோயாளியையா தொடுறீங்க? துணியத்தானே!" என்றார். அந்தத் துணிக்குள் படுத்திருந்தது என்ன பொம்மையா? அன்றைக்கு இதைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு வந்தேனே, அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

"உதறவே கூடாது," என்றார் நர்ஸம்மா. "உள்பக்கமா சுருட்டி அப்படியே போடணும். பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத் தோல் வர்ற வரைக்கும் தனியா இருங்க. வீட்டுல மாசமா யாராவது இருக்காங்களா?"

"தங்கச்சி. ஏழாம் மாசம்," என்றேன்.

அன்றே தங்கச்சிக்கு ஊசி போட்டார்கள். ஐந்து நாளுக்கு முன்பே போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். நான் மாடி அறைக்குப் போனேன். தனித் தட்டு, தனித் துண்டு. சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு அவள் இறங்கிய பிறகுதான் கதவைத் திறப்பேன். தினமும் போனில் அவளைக் குடைந்து எடுத்தேன். காய்ச்சல் இருக்கா, குழந்தை உதைக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "உதைக்குது, உன்ன மாதிரியே அடங்காப்பிடாரி," என்பாள்.

நான் மாடிக்குப் போன ஒன்பதாம் நாள் அவளே போன் செய்தாள்.

"அக்கா, கணுக்கால்ல சின்னதா ஒண்ணு வந்திருக்கு. நீ நீவிவிடுற எடத்துல."

"கொசுக்கடியா இருக்கும்டி."

"இல்லக்கா, சூடு பட்ட மாதிரி இருக்கு. ஆனா நான் இஸ்திரி போடலையேக்கா."

ஆஸ்பத்திரி வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை போனில், "குழந்தை அசையலையாம்," என்றார். உடனே போனை வைத்துவிட்டார். எனக்கு இன்னும் இரண்டு பொருக்கு உதிர வேண்டியிருந்தது. அவளிடம் ஓடக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அதன்பிறகு என் போனை அவள் எடுக்கவில்லை.

உடம்பு தேறியதும் வேலைக்குப் போனேன். சுவரில் 'துணிகளை உதறாதீர்கள்' என்று புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. பக்கத்தில் எங்கள் எல்லோர் பேரும் இருந்த ஊசிப் பட்டியல். தொற்று வார்டிலிருந்து பைகள் வந்தன. ஒன்றின் சீட்டில் ஏழாம் எண் படுக்கை என்றிருந்தது. அது அவள் படுக்கை, மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

கையுறை போட்டுக்கொண்டு பையைத் திறந்தேன். விரிப்பு நடுவில் கறைபட்டிருந்தது. பதினாறு வருஷமாக எந்த விரிப்பையும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் நான் போட்டதில்லை. இதில் பார்க்க எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். உள்பக்கமாகச் சுருட்டி, மெதுவாகத் தூக்கி, மிஷினில் படுக்க வைத்தேன்.

"பாத்துக்குங்க எல்லாரும்," என்றார் பின்னால் நின்ற சூப்பர்வைசர். "இந்தம்மா மாதிரிதான் பண்ணணும்."