நீல மை டிக்

டிக் போடுவதற்கு என்ன பெரிய பாடு? பேனா மூடியைத் திறந்தால் போதும். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நெவிலுக்கு அது கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

அவருடைய சிநேகிதர் க்ளாரி, ப்ரோக்கன் ஹில் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் எந்திரத்தை இருபத்தேழு வருஷம் ஓட்டியவர். எதிரே பித்தளைத் தகட்டில் 829348951 என்று பொறித்திருக்கும். இதை எதுவாவது மீதியில்லாமல் வகுக்குமா, இல்லை இது பகா எண்தானா? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. வேலையை விட்ட மறுநாளே நோட்டும் பென்சிலும் வாங்கிவிட்டார்.

அதன் வர்க்கமூலமான 28,798 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தவர் நெவில். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று பேச்சு. தினமும் காலை டீயோடு ஒரு வகுத்தல். வியாழன்தோறும் கிளப்பில் க்ளாரி நோட்டை நீட்டுவார். நெவில் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்து டிக் போட்டுத் தருவார். முடிந்த நோட்டுகள் நெவில் வீட்டு அலமாரியில் சேர்ந்துகொண்டே வந்தன.

எட்டரை வருஷம் ஓடிவிட்டது. இன்னும் பதினோரு எண்தான் பாக்கி. கிளப்பில் கேக்குக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. கேக்கின் மேல் 'பகா எண்' என்று எழுதச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று நெவில் கம்ப்யூட்டரில் தட்டினார். உடனே விடை வந்தது: 7919 பெருக்கல் 104729.

7919-ஆல் வகுத்த மூன்றாம் வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தார். 57729-இல் 55433 போனால் 2296. க்ளாரி 2286 என்று எழுதியிருந்தார். கடைசியில் மீதி 6919. பக்கத்தில் நீல மையில் நெவிலின் டிக். அந்த வாரம் மட்டுமா? முதல் மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு கணக்கைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. டிவியில் ஃபுட்டி மேட்ச் பார்த்துக்கொண்டே டிக் போட்டுத் தள்ளியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை கிளப்பில், "என்ன வாத்தியாரே, பேயறைஞ்ச மாதிரி இருக்க? பீர் புளிச்சுப் போச்சா?" என்றார் க்ளாரி.

நெவில் பழைய நோட்டைத் திறந்து வைத்து விஷயத்தைச் சொன்னார். க்ளாரி பென்சிலை எடுத்து முதலிலிருந்து போட்டார். மீதி பூஜ்யம்.

"ஆறு வருஷம் கிட்ட சும்மா வகுத்திருக்கேன்," என்றார். "தப்பு என்னோடதுதான். ஆனா நீ எப்படிடா விட்ட?"

"நான் பாக்கவே இல்ல க்ளாரி. எதையுமே பாக்கல. உன் கணக்குல தப்பு வராதுன்னு இருந்துட்டேன்."

"ஊர் பூராச் சொன்னேனேடா. நெவ் பாத்துட்டான், இனி தப்பே இருக்காதுன்னு."

கேக் வேண்டாம் என்று நெவிலே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வியாழனும் க்ளாரி வந்தார். வழக்கம்போல நெவிலுக்கும் சேர்த்து பீர் வாங்கினார். சட்டைப் பையில் புது நோட்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

"அந்த 104729 இருக்கே, அதையாவது எதாவது வகுக்குதான்னு பாக்கறேன்."

நெவில் அவசரமாகப் பேனாவைத் திறந்துகொண்டு கையை நீட்டினார். "குடு. இந்தத் தடவ ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கறேன். சத்தியமா."

"வேணாம் நெவ்," என்றார் க்ளாரி, கோபமே இல்லாமல். "நானே ரெண்டு தடவ போட்டுக்கறேன்."