ஆணியில் தொங்கிய கூடாது

அன்று காலை அவர் செய்த கடைசி உருப்படியான காரியம், வாசலோரத்து ஆணியில் 'இங்கே பேசக் கூடாது' என்ற பலகையை மாட்டியதுதான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள் மனைவி. அவர் உதட்டின் மேல் விரலை வைத்து, கண்ணால் பலகையைக் காட்டினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாய் என்ன, பலகையைப் படித்துவிட்டா சொட்டுகிறது?

முன்பக்கம் பெயர்ப்பலகைக் கடை, பின்பக்கம் வீடு. அவள் பலகையை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சு அடித்துக் காயவைப்பாள். அவர் எழுத்து எழுதுவார். பல் மருத்துவர் இங்கே, தையல் பள்ளி அங்கே என்று எது வந்தாலும் வழக்கமான வேலைதான். 'கூடாது' என்று முடிகிற பலகை வந்தால்தான் பிடித்தது சனி. அதை ஒரு நாள் முழுக்கத் தன் கடை ஆணியில் மாட்டி, தானும் மனைவியும் அதன்படி நடந்து பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார்.

மாடிப்படிக்காக 'இங்கே உட்காரக் கூடாது' வந்தபோது, வீங்கிய முழங்காலோடு பொழுது சாயும் வரை நின்றபடியே பலகை தேய்த்தாள். கண்ணாடிக் கடைக்காரர் வெறுமனே 'தொடக் கூடாது' என்று கேட்டிருந்தார். அன்று இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தூரிகையையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை.

"எதைத் தொடக் கூடாதுன்னு அந்த ஆள் சொல்லலையே," என்றார்.

"ஊட்டிவிடணுமா?"

"நீயும் தொடக் கூடாதே."

மறுநாள் கண்ணாடிக்காரரிடம் போய், எதை என்று ஒரு வார்த்தை சேர்த்தால்தான் பலகை தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சேர்த்தார்.

இதற்கெல்லாம் அவர் வைத்திருந்த நியாயம் அந்தச் சொல்லின் பூர்வீகம். எந்தப் புத்தகத்தில் பார்த்தாரோ, எந்த ராத்திரி யோசித்தாரோ, அவளுக்குத் தெரியாது. ஆனால் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்விட்டது.

"கூடறதுன்னா என்ன? ஒண்ணு சேர்றது. ரெண்டு பலகையைப் பசை போட்டு அழுத்தறோம், கூடுது. கூடாதுன்னா சேராது, நடக்காது, அவ்வளவுதான். முதல்ல எவனோ ஒருத்தன் ஒரு வேலையைச் செஞ்சு பார்த்து முடியாம, இது கூடாதுப்பான்னு கையை விரிச்சிருக்கான். பின்னாடி வந்தவன் அதே சொல்லை எடுத்து விரலை நீட்டிட்டான்."

"சரி, நீட்டிட்டான். அதுக்கு நான் ஏன் நிக்கணும்?"

"விரலை நீட்டறவனுக்கு முடியுமா முடியாதான்னு தெரியாது. செஞ்சு பார்த்தவனுக்குத்தான் தெரியும். தடைன்னு எழுதச் சொன்னா நான் மாட்டிப் பார்க்கிறேனா? அது குறுக்கே போட்ட கட்டை, தாண்டிட்டுப் போயிடலாம். வேண்டாம்னு எழுதினா அது கெஞ்சல். இந்தக் கூடாதுதான் பொல்லாதது. உலகமே அப்படித்தான்னு அடிச்சுச் சொல்லுது."

"உங்களோட குப்பை கொட்டறது எனக்குக் கூடலை. அதையும் ஒரு பலகையில எழுதுங்க."

"எழுதறேன். ஒரு நாள் மாட்டிப் பார்ப்போம்," என்பார். இந்த மனுஷனோடு சண்டைகூட முழுதாகப் போட முடியாது.

அன்றைய பலகை ஒரு நூலகத்துக்கு. காலையில் குழாய் விஷயத்தை அவள் சைகையில் சொன்னாள். விரல்களைக் குவித்து, கீழ்நோக்கி உதறிக் காட்டினாள். அவர் வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மழை இல்லை என்று கையை ஆட்டினார். மறுபடி காட்டினாள். குடையை எடுத்து நீட்டினார். தூ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொட்டுகிற குழாயின் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, வெளியே ஒரு நடை போய்வந்து, கடையின் சாய்வு நாற்காலியில் படுத்தார். அவள் பூச்சடித்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் சத்தமே இல்லை. பலகையை மதிக்கிறாராம், பெரிய அரிச்சந்திரன், என்று நினைத்துக்கொண்டாள். வெயில் இறங்கியபின் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

அதற்குப்பின் அவளுக்குள் ஒரே ஒரு கேள்வி முள்ளாக நின்றது. வலித்திருக்குமா? வலித்தும், அந்தப் பாழாய்ப்போன பலகைக்காக வாயை மூடிக்கொண்டு கிடந்தாரா? எட்டிக் கூப்பிடும் தூரத்தில்தானே இருந்தாள். செத்தவரை உலுக்கிக் கேட்க முடிந்தால் கேட்டிருப்பாள். அந்த ஆத்திரத்தில் அழுகைகூடச் சரியாக வரவில்லை.

துணைக்கு வந்து தங்கினாள் நாத்தனார். நல்லவள்தான், ஆனால் வாயைத் திறந்தால் கூடாது. தனியாக இருக்கக் கூடாது, கடைப்பக்கம் போகக் கூடாது, பழசை நினைக்கக் கூடாது அண்ணி. அண்ணன் ஒரு கூடாதை ஒரு நாள்தான் மாட்டுவார். தங்கை எதையும் கழற்றுவதாக இல்லை.

"நீ இதுல ஒண்ணையாவது ஒரு நாள் செஞ்சு பார்த்திருக்கியாம்மா?" என்று கேட்டாள் அவள்.

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி சொல்றேன்."

அந்த நாட்களில் தெரு முழுக்க ஊமையாகிவிட்டிருந்தது. மளிகைக்காரர் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். எதிரே சைக்கிள் பழுது பார்க்கிறவர், அவள் வாசலுக்கு வந்தாலே டயருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பலகையைக் கேட்டு நூலகத்திலிருந்து ஆள் வந்த அன்று, தானே கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பினாள். எடுத்துப்போக ஒரு சைக்கிள் வேண்டும். தெருவைக் கடக்கப் போனவளை நாத்தனார் மறித்தாள்.

"அந்த ஆள்கிட்டப் போக வேண்டாம் அண்ணி."

"ஏன், கடிச்சிடுவாரா?"

போனாள். சைக்கிள்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டியூபில் காற்றே இல்லை.

"தம்பி, உங்க வாயிலயும் யாராவது பலகை மாட்டியிருக்காங்களா?"

அவர் நெளிந்தார். "உங்க நாத்தனார்தான்க்கா. அந்த நாளைப் பத்தி அக்காகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு வீடு வீடா வந்து சொல்லிட்டாங்க."

"மூச்சு விடற மாதிரி என்ன இருக்கு? அன்னைக்கு அவர் வாயே திறக்கலையே."

சைக்கிள்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அண்ணனைக் காட்டிக் குடுக்கறேன்னு நினைக்காதீங்க. இங்கதான் வந்து பேசுவாரு."

"எங்க?"

"இந்த முக்காலியில. உள்ளேதான் பலகை, வாசலைத் தாண்டிட்டா இல்லைம்பாரு. உட்காரக் கூடாதுன்னு ஒரு பலகை வந்துதே, அன்னைக்குப் பாதி நாள் இங்கதான் உட்கார்ந்திருந்தாரு."

அவளுடைய முழங்கால் அந்த நாளை நினைத்துக்கொண்டது. "சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரே."

"தொடக் கூடாதுன்னு ஒரு பலகை வந்துதே, அன்னைக்கும் இங்கதான் ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டாரு."

"அடப்பாவி மனுஷா," என்றாள் அவள், மெதுவாக. பிறகு கேட்க வந்ததைக் கேட்டாள். "கடைசி நாள் வந்தாரா?"

"காலையிலயும் வந்தாரு, சாப்பிட்ட பிறகும் வந்தாரு. வீட்டுல குழாய் சொட்டுது, அவ கையாலயே பாடம் நடத்தறா, நான் புரியாத மாதிரி நிக்கறேன், சாயங்காலம் பலகையைக் கழட்டினா ரிப்பேர் பண்ணச் சொல்லுவா, அதுவரைக்கும் நிம்மதின்னு சிரிச்சாரு."

"புரிஞ்சுதா அவருக்கு?"

"முதல் தடவையே புரிஞ்சுதாம்."

"குடையை எடுத்து நீட்டினாரு தம்பி."

"அதையும் சொன்னாரு."

"வலி, அசதின்னு ஏதாவது?"

"ஒண்ணும் சொல்லலைக்கா. கண்ணைச் சொக்குதுன்னாரு. வலிச்சிருந்தா அந்த மனுஷன் சும்மா இருப்பாரா? போன மாசம் விரல்ல ஒரு சிலாம்பு ஏறினதுக்கே தெருவைக் கூட்டினாரே."

உண்மைதான். சின்ன மரச்சிலாம்பு. அதற்கு அவர் போட்ட கூச்சலில் மளிகைக்காரர் ஓடி வந்தார். வலி வந்திருந்தால் பலகையாவது ஒன்றாவது, வாசலைத் தாண்டிப்போய்க் கத்தியிருப்பார். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில் இரண்டையும் தடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் நாத்தனார் ஓடிவர எத்தனித்தாள். வராதே என்று அவள் கையைக் காட்டினாள்.

சைக்கிளின் பின்னால் பலகையைக் கட்டிக்கொண்டு இருவரும் நடந்தே போனார்கள். நூலகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுத்தைப் பார்த்தார்.

"ஒரு நாள் மாட்டிப் பார்த்துட்டு எப்படி இருந்துதுன்னு சொல்றேன்னாரு உங்க வீட்டுக்காரர். இது தாங்குமா?"

"வாசலுக்கு உள்ளே தாங்கும்," என்றாள் அவள். "வெளியே ஒரு முக்காலி போட்டு வைங்க."

திரும்பியபோது நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆள் என்ன சொன்னான் அண்ணி? சொல்லக் கூடாதுன்னு அவ்வளவு சொல்லியும்."

"உட்காரு, சொல்றேன். உங்கண்ணன் பண்ணின அக்கிரமத்தைக் கேளு."

கிண்ணம் நிரம்பியிருந்தது. அதைக் கவிழ்த்துவிட்டு மறுபடி அடியில் வைத்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.