மாதிரி போதாது

எண்பத்து மூன்றாம் வருஷம் எனக்கு இரண்டு வேலை. இரண்டிலும் ஆட்களுக்கு எண் போடுவதுதான் பிழைப்பு. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்குக் கணக்கு எழுதினேன்: யார் எத்தனை தடவை மட்டை பிடித்தான், எத்தனை தடவை உருப்படியாக அடித்தான், எவன் பந்து வீசியபோது எத்தனை ரன் போனது. மழையால் ஆட்டம் நின்றுபோன மதியங்களில் வெர்னாவோடு சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, குகைக்குள் போய்ப் பூதங்களோடு மோதுகிற விளையாட்டு. பலம் பதினான்கு, அறிவு ஒன்பது, வேகம் பதினொன்று என்று ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு தாள் உண்டு. தாளைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பினேன். வயது இருபத்தாறு, தலைக்கனத்துக்குக் குறைச்சலில்லை.

வெர்னா மைதானத்தில் டிக்கெட் விற்றாள். குகைப் படங்களை அவள்தான் வரைந்தாள், ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று குறித்துவைப்பதும் அவள்தான். விளையாடிப் பார்க்க ஆள் வேண்டுமே, அதற்கு அணியிலிருந்தே இரண்டு மூன்று பேரைப் பிடித்தோம். ஆரின் டாஸ்கர் அப்படி வந்தவன். எங்கள் இரண்டு கேட்சர்களில் இரண்டாமவன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பதும், அடுத்து என்ன பந்து போடலாம் என்று வீசுகிறவனுக்கு விரலால் ஜாடை காட்டுவதும் அவன் வேலை. மட்டையைக் கையில் கொடுத்தால் மட்டும் பாவம், ஈ ஓட்டுவான்.

கணக்கு எழுதுவதால் அணியில் எனக்கு ப்ரொஃபசர் என்று பேர். முதல் நாளே வேஷத் தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டேய் ப்ரொஃபசர், இதுல எல்லாத்துலயும் மட்டமானவன் யாரு?"

"விளக்குத் தூக்கிட்டுப் போறவன். அவனை யாரும் எடுக்க மாட்டாங்க. சும்மா ஒப்புக்குப் போட்டது."

"எனக்கு அவனைக் குடு. நம்ம சாதிக்காரன்."

அவன் விளக்குக்காரன் சண்டையே போட மாட்டான். பேசிக்கொண்டே இருப்பான். டெல்பர்ட் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன், முன்கோபி. மைதானத்திலும் அப்படித்தான், மேஜையிலும் அப்படித்தான். எந்தக் கதவைக் கண்டாலும் உதைப்பான். ஆரின் விட மாட்டான்.

"டெல்பர்ட்டு, போன கதவையும் நீ கோவத்துலதான் ஒதைச்ச. உள்ள என்ன இருந்துச்சு?"

"பாம்பு."

"எத்தனை?"

"அது எதுக்கு இப்ப? நாலு."

"அப்ப கொஞ்சம் மூச்சு விட்டுக்க. காதை வச்சுக் கேளு. பூதம் எங்கயும் ஓடிப்போயிடாது, பகடைக்குக் காலில்ல."

டெல்பர்ட் முறைப்பான், பிறகு கதவில் காதை வைத்துக் கேட்பான். அந்தக் கோடை முழுவதும் பதினோரு தடவை விளையாடிப் பார்த்தோம். ஒருவரும் சாகவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. யாருமே சாகாத விளையாட்டை எவன் வாங்குவான்? ஒவ்வொரு தடவையும் பூதங்களின் பலத்தை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற இவர்கள் பிழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"பூதத்துக்கு இன்னும் ரெண்டு தலை வச்சாலும் இவனுங்க பேசியே அனுப்பிடுவானுங்கடா" என்று வெர்னா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, இன்னும் நான்கு எண் ஏற்றினேன்.

ஜூலைக் கடைசியில் அணியின் மேலிடத்திலிருந்து கேட்டார்கள். இரண்டு கேட்சர்களில் ஒருவன் போதும், யாரை வைத்துக்கொள்வது, எண்களோடு எழுதி அனுப்பு. வழக்கமாக, ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற வயசான ஆள்பிடிப்பவர்கள் கண்ணால் பார்த்து முடிவு சொல்வார்கள். முதல்முறையாகக் கணக்கைக் கேட்டார்கள், அதுவும் என்னிடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். ஆரின் டாஸ்கர்: நூற்றுப் பதினெட்டு தடவை மட்டை பிடித்து இருபத்தொரு அடி. மற்றவன் அதைவிட எவ்வளவோ மேல். ஆரினை விடலாம்.

அனுப்புவதற்கு முன்னால் அதை அவனிடமே காட்டினேன். முதுகுக்குப் பின்னால் எழுதக்கூடாதாம், நேர்மையாம். பெரிய அரிச்சந்திரன் நான். உடை மாற்றும் அறையில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே நின்றபடி படித்தான்.

"கூட்டல் எல்லாம் சரியா இருக்கா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

"அப்ப சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆகஸ்டில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். எங்கள் பிட்சர்களும் அதோடு படுத்துவிட்டார்கள். டெல்பர்ட் செப்டம்பருக்குள் மூன்று முறை மைதானத்திலேயே கையுறையைக் கழற்றி எறிந்தான். வெயில், களைப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷக் கடைசியில் விளையாட்டு அச்சாகிக் கடைக்கு வந்தது. கூடவே கடிதங்களும் வந்தன. 'முதல் குகையிலேயே எல்லோரும் செத்துவிட்டோம்.' 'ஆறு பேர் போனோம், பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.' 'இதை உருவாக்கியவர்கள் ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்தார்களா?' பனிக்காலம் பூராவும் இதே பாட்டு. நானும் வெர்னாவும் அவள் சமையலறையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

"பதினோரு தடவை பார்த்தோம் வெர்னா. ஒருத்தனும் சாகல."

அவள் தன் பழைய குறிப்புகளை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் பெயர்களை விரல் வைத்து எண்ணினாள்.

"இதைப் பாரு. டெல்பர்ட் எட்டு தடவை. மத்தவங்க அஞ்சு, ஆறு. பதினொண்ணுலயும் இருந்தது ஒரே ஒருத்தன்."

விளக்குக்காரன். நாங்கள் அளந்தது குகையை இல்லை, அவனை. அவன் இல்லாத வீடுகளுக்கு, அவனுக்காக ஏற்றிய பூதங்களை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு ஓடி எண்பத்து மூன்றின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். ஆரின் குந்தியிருந்த ஆட்டங்களில் எங்கள் பிட்சர்கள் எத்தனை ரன் விட்டார்கள் என்று கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டவே வேண்டியிருக்கவில்லை. ஜூலைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏற்கெனவே எழுதியிருந்தது. ஆரின் இருந்தால் ஆட்டத்துக்கு மூன்று ரன், மற்றவன் இருந்தால் நாலரைக்கு மேல். அதற்குக் கீழே இரண்டு வார்த்தை: 'மாதிரி போதாது.' கொஞ்ச ஆட்டங்களை வைத்துக்கொண்டு முடிவு சொல்லாதே என்பதற்கு எங்கள் தொழிலில் சொல்வது அது. கையெழுத்து என்னுடையதுதான்.

ஏப்ரலில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். மூன்று மணி நேரப் பயணம். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேர்க்கிற லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டு மேஜையில் எங்கள் விளையாட்டுப் பெட்டி திறந்திருந்தது. அவனும் மனைவியும் மைத்துனர்களும் ஞாயிறுதோறும் விளையாடுவார்களாம்.

"ரொம்பக் கஷ்டம்னு எல்லாரும் திட்டறாங்க" என்றேன்.

"கஷ்டமா? எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்லையே."

காபி கொடுத்தான். நான் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவன் முன்னால் வைத்தேன். விரலை வைத்து நிதானமாகப் படித்தான்.

"இதை எப்பப் போட்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"ஜூலைல. ரிப்போர்ட் எழுதறதுக்கு முந்தின வாரம்."

"போதாதுன்னு எழுதியிருக்க. நான் எத்தனை இன்னிங்ஸ் பிடிச்சேன்?"

"இருநூத்தித் தொண்ணூறு. ஆட்டத்துக்கு ஒன்பதுன்னா முப்பது ஆட்டத்துக்கு மேல."

"மட்டை எத்தனை தடவை பிடிச்சேன்?"

"நூத்திப் பதினெட்டு."

"அது மட்டும் போதுமாடா?"

மட்டைக் கணக்கு எல்லோருக்கும் பழகிய எண், அதனால் போதும் என்று வைத்துக்கொண்டேன். கேட்சரை வைத்து ரன்னை எண்ணுவது அதுவரை யாரும் போடாத கணக்கு. போட்டால் ஆள்பிடிக்கும் கிழவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன். இதை அப்படியே அவனிடம் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். மேலிடத்துக்கு இப்போதாவது எழுதுகிறேன், எவனாவது ஒரு அணிக்காரன் கூப்பிடுவான் என்றேன்.

"கூப்பிட்டாங்கடா" என்றான்.

"என்னது?"

"போன வருஷம் மார்ச்சுல. அயோவாலேருந்து ஒரு மேனேஜர் போன் பண்ணாரு. அவங்களோட நாம ஆறு ஆட்டம் ஆடியிருக்கோம், ஞாபகம் இருக்கா? 'உன்னை அடிக்கச் சொல்லிக் கூப்பிடல, வந்து குந்திக்க, எங்க பசங்களுக்குப் பந்து போடச் சொல்லிக் குடு'ன்னாரு. கண்ணால பார்த்தாராம், அவ்வளவுதான். எண்ணு எதுவும் இல்ல அவருகிட்ட."

"ஏன் போகல?"

அவன் புத்தகத்தை மூடி என் பக்கமாகத் தள்ளினான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு ஏதோ தப்பாத் தோணுது சார்னு சொன்னேன். எங்க ப்ரொஃபசர் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்திருக்கான்னேன்."