நாலு நிமிஷம் வாயை மூடு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்குப் படப்பிடிப்பு. வாழ்க்கையில் முதல் தடவை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியில் இருந்த துணி முழுவதையும் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

"ஊர்ல துணியைத் தொட்டுப் பார்ப்பாங்க. நீ என்னடி கேட்டுப் பாக்கறே?" என்றாள் அம்மா.

எனக்குக் கிடைத்திருப்பது மைக் பிடிக்கிற வேலை. நீளமான கம்பின் நுனியில் மைக் இருக்கும். கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கேமராவில் மைக்கும் தெரியக் கூடாது, அதன் நிழலும் விழக் கூடாது. முக்கியமாக, பிடிப்பவளிடமிருந்து ஒரு சத்தமும் வரக் கூடாது. சரசரக்கிற துணி ஆகாது, கிறீச்சிடுகிற செருப்பு ஆகாது, பசியில் வயிறுகூட உறுமக் கூடாது. மொத்தத்தில் அங்கே உயிரோடு இருப்பதே தெரியக் கூடாது.

நானோ ஏழு வருஷம் வாயை வைத்துப் பிழைத்தவள். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு மகானுபாவர், பில் தப்பாக வந்ததற்கு என் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் இழுத்து வைத்து ஏசினார். "வீட்ல உங்க அம்மாகிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எல்லாம் பதிவாகும் அல்லவா? சாயங்காலமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விஷயத்தைச் சொன்னபோது அம்மா, "நாக்கை அடக்கவே தெரியாதா உனக்கு?" என்றாள். அவ்வளவுதான். வேலை போனதைவிட அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வாரம் அழுதேன். அதன்பிறகு ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய் ஒலிப்பதிவு படித்தேன். அம்மா அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

வேலைக்குக் கூப்பிட்ட ஒலிப்பதிவாளர் அக்கா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "முதல் சீனே நாலு நிமிஷம். நடுவுல கட்டே கிடையாது. சாப்பாட்டு மேசையில ரெண்டு பேர் சண்டை போடறாங்க. ஒரு டேக்கோட விடவும் மாட்டாங்க, ஒன்மோர் ஒன்மோர்னு திரும்பத் திரும்பப் போகும். மூணு நாள் பாக்கறேன். சரிப்படலைன்னா வேற ஆளப் போட்டுக்கறேன், தப்பா நினைச்சுக்காதே" என்றார்.

வீட்டில் இருந்த துடைப்பான் கம்பின் நுனியில் இரண்டு சோப்புக் கட்டிகளைக் கட்டி ஒரு வாரமாகப் பயிற்சி செய்கிறேன். இதுவரை என் சாதனை இரண்டு நிமிஷம் நாற்பது வினாடி. அதற்குள் தோள் எரிய ஆரம்பித்துவிடும், இல்லையென்றால் யாராவது ஏதாவது சொல்லி நான் பதில் சொல்லியிருப்பேன். நிஜத்தைச் சொன்னால் கையைவிட வாய்தான் என்னைக் கவிழ்த்தது.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவையும் அண்ணனையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காரவைத்தேன். "நாலு நிமிஷம் ஏதாவது பேசிட்டே இருங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன். அண்ணன் மேசைமேல் போனை வைத்து, நேரம் ஓடுவது எனக்கும் தெரிகிற மாதிரி திருப்பிவிட்டு, பழைய செய்தித்தாளிலிருந்து தண்ணீர் பம்பு விளம்பரத்தைப் படித்தான்.

"கொஞ்சம் உயிரோட படியேன்" என்றேன். ஐம்பது வினாடி.

அடுத்த தடவை அம்மா, "சோப்பு ரெண்டும் புதுசு, வீணாப் போகுது" என்றாள். "நீதானே எடுத்துக் குடுத்தே?" என்றேன். ஒரு நிமிஷம் பத்து வினாடி. அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா எழுந்து உள்ளே போனாள். மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"இதப் படி."

"என்னது?"

"படிடா. அவதான் நாலு நிமிஷம் வாயத் திறக்க முடியாதே."

நான் கம்பைத் தூக்கினேன். அண்ணன் படிக்க ஆரம்பித்தான்.

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, உங்களிடம் ஏழு வருடம் வேலை பார்த்த பெண்ணின் தாயார் எழுதுவது..."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என்னை வேலையைவிட்டு அனுப்பிய அந்த மேலாளருக்கா? அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அவளப் பாக்காதே. படி" என்றாள் அம்மா.

"அவளுக்கு வாய் அதிகம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒருநாள்கூட அவள் லேட்டாக வந்ததில்லை." அவன் நிறுத்தினான். "இத எப்பம்மா குடுக்கப் போறே?"

மைக்கை அம்மா பக்கம் திருப்பினேன்.

"திங்கக்கிழமை காலைல. இவ அந்தப் பக்கம் கெளம்பட்டும், நான் இந்தப் பக்கம் போறேன். மூணு நாள்ல அனுப்பிட்டாங்கன்னா இவ எங்க போவா?"

"அவளுக்குத் தெரியாமலா?"

"தெரியாமன்னு யார் சொன்னா? தலைக்கு மேலதான் நிக்கறாளே."

தொண்டை வரைக்கும் வந்ததை எல்லாம் பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். என்மேல் இவ்வளவுதான் நம்பிக்கையா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கை வலிக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அண்ணன் அந்தப் பக்கம் முழுவதையும் படித்து, தாளைத் திருப்பித் தொடர்ந்தான்.

"அன்று அந்த ஆள் பேசிய பேச்சை நீங்களும் பதிவில் கேட்டிருப்பீர்கள். என் மகள் சொன்ன பதில் தவறு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்துவிட்டேன். அப்படி எழுத என்னால் முடியவில்லை. அவள் கேட்டது சரி."

அவன் தாளை இறக்கினான். "மன்னிப்புக் கடுதாசில யாராவது இப்படி எழுதுவாங்களாம்மா?"

"பின்ன, பொய்யா எழுதச் சொல்றியா?"

எட்டு மாதமாக நான் இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது வருகிறபோது நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்று அண்ணன் படித்து முடித்தான். "ஆகையால் திங்கட்கிழமை முதல் அவளை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்."

நாலு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. கம்பை இறக்கினேன். விரல்களை நீட்டவே முடியவில்லை.

அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டறதுன்னா திட்டிடு" என்றாள்.

திட்டுவதற்கு நிறைய இருந்தது. கம்பை மறுபடி தூக்கினேன்.

"ஒன்மோர்" என்றேன்.

"அப்படின்னா?"

"மறுபடியும் மொதல்லேர்ந்து. இந்தத் தடவை நீ படி."

அண்ணன் போனில் நேரத்தை மறுபடி ஓடவிட்டான். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோல் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். இரண்டாவது டேக் முதல் நிமிஷத்திலேயே உயிரை வாங்கியது. தோள் எரிந்தது, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. "அவள் கேட்டது சரி" என்ற இடத்துக்கு வந்ததும் அம்மா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை. சோப்பைப் பார்த்து அதே வரியை இன்னொரு தடவை சொன்னாள். பிறகு தாளை மடித்தாள்.

"கடைசி வரி இருக்கேம்மா" என்றான் அண்ணன்.

"அது வேணாம்." தாளை நான்காகக் கிழித்து மேசைமேல் வைத்தாள். "திங்கக்கிழமை எத்தன மணிக்கு எழுப்பணும்னு அவளக் கேளு."

நாலரை மணிக்கு. பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் போனில் இன்னும் நாற்பது வினாடி பாக்கி. மைக்கை அம்மாவின் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவும் நேரத்தைப் பார்த்தபடி, ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள்.