முதல் துண்டு போடுகிறவன்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறேன், பதினொரு வருடமாக. நான் கழுவியதில் சோப்பு தங்கியதால்தான் சோதனை ஓடவில்லை என்று தலைமை அம்மா எழுதி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையோடு வேலை கிடையாதாம். சரி, நானும் எழுதுகிறேன். எட்டாவது படித்தது இதற்குப் போதும்.

2.
தொடக்கம்: அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தபோது...

(தூறவில்லை. கதை என்றால் மழை வேண்டும் என்று எவனோ சொன்னான்.)

வேறு தொடக்கம்: ஒரு பாக்டீரியா இரண்டாக வேண்டுமானால் முதலில் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும்.

இது சோதனை செய்கிற பெண் சொன்னது. டிஎன்ஏ என்பது முறுக்கிய இரட்டை நூல். ஒருவன் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் விரித்துக் கொடுப்பான். இன்னொருவன் ஒரு வளையத்தைக் கூட்டிவந்து அங்கே மாட்டுவான். வளையம்தான் மூன்றாமவன்; அது ஓடினால் முறுக்கு பிரியும். ஆனால் நகலெடுப்பவன் வெறும் நூலில் தொடங்க மாட்டான். நாலாமவன் சின்னத் துண்டு ஒன்று போட வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நகலெடுப்பவன் போவான். வேலை முடிந்ததும் அந்தத் துண்டைப் பிய்த்து எறிந்துவிடுவார்களாம்.

(இவர்களுக்கு நொதி, புரதம் என்று பெயர். நான் ஒருவனையும் பார்த்ததில்லை. தண்ணீரில் தண்ணீர் ஊற்றுவதைத்தான் பார்த்தேன்.)

3.
புதன்கிழமை. அந்தப் பெண் மறுபடி முதல் மூன்று பேரைச் சோதனைக்குழாயில் விட்டாள். வளையம் நகரவில்லை; நகர்ந்தால் ஏற வேண்டிய கோடு திரையில் படுத்தே கிடந்தது.

"அந்த நாலாவது ஆளு ஏன் ஐஸ்லயே கெடக்கான்?" என்றேன்.

"அது கொஞ்சந்தான் இருக்கு ஐயா. அதோட வேலை அப்புறந்தான்."

"நாலு பேரு வேலைக்கு மூணு பேர கூப்பிட்டுட்டு, பாட்டில் கழுவுனவன் மேல பழி போடுறீங்க. நல்லா இருக்கும்மா உங்க படிப்பு."

"உங்க வாய அடைக்கவாவது போட்டுத் தொலைக்கிறேன்."

போட்டாள். நான் கழுவிய அதே பாட்டில், அதே கரைசல். திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது.

கோட்டை மறுபடி பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கூட்டிட்டு வந்தவன் வளையத்த விடவே இல்ல ஐயா. நாலாமவன் வந்ததுக்கப்புறந்தான் கைய எடுத்திருக்கான்."

4.
இங்கே என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். பாட்டில் கழுவுகிறவன் அறிவியலைக் கண்டுபிடித்தான் என்று எழுத ஆசைதான். பொய். நான் எரிச்சலில் உளறினேன்.

அவளையும் நம்பவில்லை. என்னைக் காப்பாற்ற வேண்டுமானால், நாலாமவனைச் சேர்க்காமல் விட்டது தன் தவறு என்று அவள் தலைமை அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும்.

"எழுதுறேன் ஐயா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

வியாழக்கிழமையும் அதையே சொன்னாள்.

5.
முடிவு ஒன்று: எழுதினாள், நான் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.
முடிவு இரண்டு: எழுதவில்லை, இதை வீட்டில் உட்கார்ந்து...

இரண்டையும் அடிக்கிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். வெள்ளி காலை, அவள் மேசையில் இருந்த வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதி வைத்தேன்: "பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது."

என் கையெழுத்து கோணல். பிறகு பிய்த்து எறிந்துகொள்ளட்டும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டியது அவள்.

அவள் போகாவிட்டால், பேனா உங்களிடமும் இருக்கும். மேற்கோளை மூடாமல் விடுகிறேன்.

"பாட்டில் சுத்தமாகத்தான் இருந்தது.